பென்சில்

கொத்தனூர் தாண்டி, தண்ணீர் லாரி திரும்பும் சந்தில்
தகரக்கூரைப் பயிற்சி மையம்.
பதினான்கு நாள், இருபத்திமூன்று பேர், இரண்டடுக்குக் கட்டில்கள்.
உருண்டு விழுந்தால் ஊழியம் போச்சு என்று
மேல்கட்டில்காரர்கள் எல்லாம்
தரையில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
தங்கவயல்காரி. மூன்று மொழி வாயில்,
நாலாவது காதில் மட்டும்.

முதல் நாள் படிவம் நிரப்பினேன்.
பெயர்?
"தீமோத்தேயு."
ஆதாரில்?
"மாதையன்."
சான்றிதழில் எது போட?
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
"பொண்ணு பன்னெண்டாவது படிக்குதுக்கா.
சாதிச் சர்ட்டிபிகேட் இன்னும் வாங்கல."
பென்சிலால் ஏதோ எழுதிவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள், பிரசங்க வகுப்பு.
பிரசங்கம் ஒரு விமானம், என்றார் டாக்டர் கோஷி.
ஏற வேண்டும், பறக்க வேண்டும், இறங்க வேண்டும்.
பலருக்கு இறங்கத்தான் தெரிவதில்லை.
அந்நேரம் பார்த்து தேவனஹள்ளி போகும் ஒன்று
கூரையை உரசுகிற மாதிரி போனது.
இருபத்திமூன்று கழுத்தும் மேலே.
ஏறினவர் ஒருவருமில்லை.
நான் விமானத்தைப் பேருந்தாக்கினேன்:
ஸ்டாண்டில் கிளம்பு, மலையில் கியரை மாற்று,
நிறுத்தத்தில் பிரேக் போடு.
அஞ்செட்டிக்காரர் கை தூக்கினார்.
"எங்கூருக்கு வர்ற பஸ்ஸு நிக்காதுங்க.
திருப்பத்துல மெதுவாப் போவும். குதிச்சுக்கணும்."
ஆங்கிலத்தில் சொன்னேன்.
டாக்டர் கோஷி தன் நோட்டில் எதையோ குறித்தார்,
அந்தப் பதினான்கு நாளில் ஒரே ஒரு தடவை.

ஒன்பதாம் நாள், அடக்க ஆராதனை ஒழுங்கு.
பெஞ்சுதான் சவப்பெட்டி,
மேலே யாருடையதோ துண்டு.
உள்ளே யாரு என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது
மாதையன் போன் அடித்தது.

டவர் கிடைப்பது லாரிக்குப் பக்கத்தில்தான்.
நானும் பின்னால் போனேன், ஏனென்று தெரியவில்லை.
ஊரில் கெம்பம்மா போய்விட்டாள்.
குழி வெட்டியாயிற்று, ரோட்டோரம்.
ஏரிப்பக்கம் ஊர்க்காரர்கள் விடவில்லை.
இருட்டுக்குள் மூடியாக வேண்டும்.
பென்னாகரத்துக்கு இங்கிருந்து ஆறு மணி நேரம்.

செருப்பைக் கழற்றினார்.
"ரெண்டு நிமிஷம் மோட்டாரை நிறுத்துங்கண்ணே."
டிரைவருக்குப் புரியவில்லை, கன்னடத்தில் சொன்னேன்.
நிறுத்தினார்.

அந்தப் பக்கம் யாரோ குழிமேல் போனை நீட்டியிருக்க வேண்டும்.
காற்று கேட்டது. ஒரு பிள்ளை இருமியது.
முன்னுரை இல்லை, மூன்று குறிப்பு இல்லை.
"கெம்பம்மா, அந்த ஊர்ல மொத ராத்திரி
நீ போட்ட களியத்தான் தின்னேன்" என்று
செத்தவளிடமே பேசினார்.
அப்புறம் கர்த்தரிடம்,
அதே குரலில், கொஞ்சம் கோபமாக,
ரோட்டோரம் என்பதை இரண்டு முறை சொல்லி.
பிறகு, "மண்ணு போடுங்க."
போட்டார்கள்.
அதைச் சொல்ல நான் தேவைப்படவில்லை.
டிரைவர் மோட்டாரைப் போட மறந்து நின்றார்,
தொட்டியில் பாதித் தண்ணீர்.

திரும்பி வந்தோம்.
இரண்டாம் பகுதி, என்றார் டாக்டர் கோஷி,
துக்க வீட்டாருக்கு ஆறுதல்.
நான் தமிழில் சொன்னேன்.
மாதையன் நோட்டைத் திறந்து
'இரண்டாம் பகுதி' என்று எழுதி
ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்.
சவப்பெட்டி மேலிருந்த துண்டு அவருடையதாம்,
வகுப்பு முடிந்ததும் எடுத்து
முகம் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாள் கேட்டேன், எந்தப் பேர்?
"வெறுமனே குடுத்துடுங்கக்கா.
ஊர்ல போய்ப் பாத்துக்கறேன்."
பேரில்லாத சான்றிதழைச் சுருட்டி
குடைக்குள் செருகிக்கொண்டு
ஹெண்ணூர் பஸ்ஸுக்கு ஓடினார்.

பதிவேட்டில் இருபத்திரண்டு வரியை
மையால் எழுதி முடித்தேன்.
ரப்பரும் பேனாவும் மேசைமேல்தான் இருந்தன.
அந்த ஒரு வரி
இன்னும் பென்சிலில்.