காற்றில்லாத இடம்

சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கை
மூன்றாம் பக்கத்தில் சொல்கிறது:
வாகனப் புகைச் சோதனையைக்
காற்று வீச்சு இல்லாத இடத்தில் நடத்த வேண்டும்.

எழுதியவர் மண்டபம் பக்கம் வந்ததில்லை.

இங்கே வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
நடுவில் ஒரு தார்ச்சாலை.
பாலத்துக்கு முன்னால், சாலையோரம் என் ஆம்னி வேன்.
உள்ளே புகை அளக்கும் பெட்டி, பிரிண்டர்,
மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில், நான்.

ஆடியில் கச்சான் அடித்தால்
எல்லா வண்டியும் யோக்கியம்தான்.
கேணிக்கரையிலிருந்து கரியாய்க் கக்கிக்கொண்டு வந்த பஸ்கூட
குழாய்க்குள் கம்பியைச் செருகும்போது
இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கும்.
முப்பத்தெட்டு என்கும் பெட்டி.
பாஸ்.
மிச்சத்தைக் கச்சான் வாரிக்கொண்டு போய்ப்
பெண்கடலில் கொட்டிவிடும்.
அவளிடம் யார் சான்றிதழ் காட்டப் போகிறார்கள்.

'காற்றில்லாத இடம் எது' என்று கடிதம் போட்டேன்.
'தக்க இடத்தைத் தாங்களே தெரிவு செய்துகொள்ளவும்.'

செய்தேன்.
ஐஸ் பிளான்ட் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன்,
சேலைத் தலைப்பு கொடிபோல் பறந்தது.
கருவேலங்காட்டுக்குள் வேனை விட்டுப் பார்த்தேன்,
இரண்டு டயர் போனது, காற்று போகவில்லை.
கடைசியில் உச்சிப்புளி ரயில்வே கேட்.
கேட் விழுந்ததும்
இரண்டு பக்கமும் லாரிகள் மதில் கட்டும்.
'எஞ்சினை அணைக்கவும்' என்று ஒரு மஞ்சள் பலகை,
பாதி எழுத்து கரியேறிப் போயிருக்கும்.
அந்தச் சந்தில் நடந்தேன்.
தலைப்பு தோளிலேயே கிடந்தது.

முதலில் சிக்கியது சீனி உமரின் மீன் லாரி.
அடிவரை மிதி, விடு. மிதி, விடு. இன்னொரு தரம்.
பின்கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.
எண்பத்தொன்று.
அறுபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது.

"போன வாரம் பாலத்துக்கிட்ட
நாப்பதுன்னு அடிச்சுக் குடுத்தது நீங்கதான மேடம்?"

நான்தான்.
நம்பர் பிளேட்டைப் படம் எடுத்ததும் நான்தான்.
அதே லாரி, அதே டீசல், ஸ்டியரிங்கில் அதே பச்சைத் துண்டு.

"கொல்லத்துக்கு விடியுமுன்ன போயாகணும்" என்றார்.
தாளை மடித்துப் பையில் வைத்தார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றைக்குப் பதினோரு வண்டி ஃபெயில்.
சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன்:
"என்னம்மா, மாவட்டச் சராசரியே கெட்டுப்போகுதே.
பழையபடி பாலத்துக்கிட்டயே நில்லுங்க.
உங்களுக்கும் காத்தோட்டமா இருக்கும்."

சரி சார் என்றேன். இன்னும் நகரவில்லை.

ராமேஸ்வரம் வண்டி கடந்தது. கேட் எழும்பியது.
நாற்பது எஞ்சின் ஒரே மூச்சில் உறுமியது.
பத்து வருடமாக இந்தச் சந்தில்
வெள்ளரிப்பிஞ்சு விற்கிற சகர்பான்
சட்டென்று முக்காட்டை இழுத்தாள்.
மூக்குக்கு இல்லை.
தட்டை மூடினாள்.

புகை விலகியதும் ஒரு பிஞ்சைக் கீறி நீட்டினாள்.
உப்பு, மிளகாய்த்தூள்,
அப்புறம் இன்னொன்று,
நாக்கின் அடியில்.