வீட்டுக்கு நான்கு

தண்டர் பேயில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என் துணி அலமாரிக்குள் மட்டும்
தினம் பதினெட்டு மணி நேரக் கோடை.

அலமாரி, பழைய சாமான் கடையில் பன்னிரண்டு டாலர்.
ஒரு கதவு சரியாக மூடாது, அதனால்தான் பன்னிரண்டு.
விசிறி, செத்துப்போன கணினியின் நெஞ்சிலிருந்து பிடுங்கியது.
பனியில் வண்டி நின்றுபோனால் போர்த்திக்கொள்ள வைத்திருந்த
வெள்ளிப் போர்வையைக் கிழித்து
உள்சுவர் முழுக்க ஒட்டினேன்.
விளக்குக்கு மட்டும் கை தாராளமாய்ப் போயிற்று.
அந்த மாதம் மூன்று வேளையும் உருளைக்கிழங்கு.

மூலையில், பெயிண்ட் வாளியில், தாய்ச்செடி.
நான்கு வருடமாகக் கஞ்சா வளர்க்கிறேன்,
இவள் பூத்து நான் பார்த்ததில்லை.
நீண்ட இரவு கிடைத்தால் பூத்துவிடுவாள்.
இரவை நான் தருவதில்லை.
இந்த ஊரில் யாருக்கும் தேவைக்கு மேல் இரவு இருக்கிறது,
இவள் ஒருத்திக்குத்தான் பஞ்சம்.

ஞாயிறு, பள்ளிப் பேருந்து ஓட்டாத நாள்.
சவர பிளேடை நெருப்பில் காட்டி
கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு.
ஸ்டியரிங் பிடித்து வீங்கிய மணிக்கட்டு
அப்போது மட்டும் நடுங்காது.
பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரிப்பேன்.
குடிக்க வாயில்லாதவளுக்கு
வியர்க்கக் கூடாது.

வேர் பிடிக்கும் பொடி பதினான்கு டாலர் என்றார்கள்.
ஆற்றங்கரை வில்லோ மரத்தில் குச்சி ஒடித்து
இரண்டு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை வைத்தேன்.
வேலை செய்ததா, தெரியாது.
பதினான்கு டாலர் மிச்சம், அது தெரியும்.
சுட்ட கோழி வந்த பிளாஸ்டிக் டப்பாதான் மூடி.
உள்ளே ஒன்பது பேர்,
மூச்சுவிட்டு மூச்சுவிட்டு மூடியை மங்கலாக்கிக்கொண்டு.

சட்டம் வீட்டுக்கு நான்கு செடி என்கிறது.
ஒன்பது குச்சி, செடியா?
வேர் விடாதவரை குச்சிதான் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.
நீதிபதி நான், கூண்டில் நிற்பதும் நான்.
பதினோராம் நாள் மெல்ல அசைத்தேன்.
ஒருத்தி எதிர்த்து இழுத்தாள்.
அன்றிலிருந்து எண்ணத்தான் வேண்டும்:
தாய் ஒன்று, மக்கள் மூன்று,
மற்றதெல்லாம் குப்பைக்கு.

மக்கள் என்பதும் தப்பு.
சாயல் இல்லை இது, அதே ஆள்.
நேற்று வேர்விட்டவளுக்கும் வயது
தாயின் வயதுதான்.
தாய்க்கும் அவள் வந்த செடியின் வயது.
அது மெர்வின் வீட்டு நிலவறையில் இருந்தது.

நான்கு குளிர்காலம் முன்னால்
ஒரு காகிதக் காப்பிக் கோப்பையில், கோட்டுக்குள், அக்குளில் வைத்து
அவன்தான் கொண்டுவந்து தந்தான்.
அப்புறம் ஏரிப் பனியைத் துளைக்கும் அவனுடைய எந்திரத்தை
இரவல் வாங்கி, உடைத்து, உடையவில்லை என்று சாதித்தேன்.
இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று மாலை கதவைத் தட்டினான்.
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
மேசைமேல் ஒரு காலிக் கோப்பையை வைத்தான்.
"சிலந்திப்பூச்சி, ரைஜா. தாயோடு சேர்த்து எல்லாம் போச்சு."
கொஞ்சம் நின்று,
"அது இன்னும் இருக்கா?"

ஐந்தாவது இருந்தது.
நாளைக் காலை எறியவேண்டிய ஐந்தாவது.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.
இடப்பக்கம் லேசாக வளையும் ஓர் இலைவிரல்.
"அவளேதான்" என்றான்.
கொடுத்ததைப் போல ஒன்றைத் திருப்பித் தருவதுண்டு.
கொடுத்ததையே தந்த கடனை
எந்தக் கணக்கில் எழுதுவது?

பனித்துளைப்பான் பற்றி அவன் கேட்கவில்லை.
வாய்வரை வந்ததை நானும் விழுங்கினேன்.
இந்தக் குளிரில் அவன் வண்டி சூடேற இருபது நிமிடம்.
திரைச்சீலை விலக்கி நின்றேன்.
இருபது நிமிடமும்
ஒரு கை ஸ்டியரிங்கில்,
மறு கை கோட்டுக்குள்.