எத்தனை படி

டிவியில்
புயல் காரைக்காலுக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டர்.
திருத்துறைப்பூண்டி ரயிலடித் தெருவில்
என் மாவுக்கடைக்குள் அது வந்துவிட்டது
மதியம் ஒரு மணிக்கே:
அரிசி டிரம்மைத் திறந்து
படியும் கையுமாக நான் நின்றபோது.

வழக்கமாக நாற்பது படி.
ஞாயிறென்றால் ஐம்பத்தைந்து.
புயலென்றால் எத்தனை?
சிவப்பு எச்சரிக்கை சொல்கிறவர்
அதைச் சொல்வதில்லை.
ஊறிய அரிசியை
திரும்பக் காய்ந்த அரிசியாக்க
ஆளில்லை இந்த ஊரில்.

கஜா வந்த வருஷம் துணிந்து அறுபது போட்டேன்.
அரைத்து முடித்த கையோடு கரண்ட் போனது,
பத்தொன்பது நாள்.
இருட்டில் மாவு பொங்கியது.
எந்தப் புயலும் அதற்குப் பொருட்டில்லை,
அது தன் வேலையைச் செய்தது.
மூடியைத் தள்ளி, தரையில் இறங்கி,
வாசல் தாண்டிச் சாக்கடைக்குப் போனது.
நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது.
நிவாரண விண்ணப்பத்தில்
தென்னைக்கு ஒரு கட்டம் இருந்தது.
ஆட்டுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று.
புளித்த மாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்டேன்.
எழுதிக்கொண்டிருந்த பையன் சிரித்தான்.
நானும்.
குழுக்கடன் மட்டும் சிரிக்கவில்லை.

அதனால் இந்த முறை
பதினைந்து படியோடு நிறுத்தினேன்.
மீதியை மில்லுக்கு அனுப்பி
இடியாப்ப மாவாக்கி, அரைக்கிலோ பாக்கெட்.
காய்ந்தது காத்திருக்கும்.
கிரைண்டரை நான்கு சிமெண்ட் கல்லில் ஏற்றி
மோட்டாருக்குப் பாலிதீன் சுற்றி,
போன தடவை பறந்துபோய்
காலேஜ் மைதானத்தில் கிடந்த போர்டை
இந்தத் தடவை நானே இறக்கி,
ஜிபே ஊமையாகிவிடும் என்று
பத்து ரூபாய்த் தாளாக ஆயிரத்தைநூறு மாற்றி,
கடன் நோட்டைத் தூக்குவாளியில் போட்டு மூடி,
பந்தல்கடை ரவூப்பிடம்
ஜெனரேட்டருக்கு முன்பணம் கொடுத்து,
இருபது லிட்டர் டீசல் கேனில்.
போன் செத்துப்போகும் என்பதால்
நம்பர்களைச் சுவரில் பென்சிலால் எழுதினேன்.

செண்பகவல்லி
கைகழுவிக்கொண்டே கேட்டாள்:
"புயலன்னிக்கு வரலைன்னா கூலி உண்டாக்கா?"
இதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை.
பாதி, என்றேன்.
அவள் தலையாட்டினாள். முகம் துடைத்தாள். போனாள்.
முழுசும் தருகிறேன் என்று சொல்ல
எனக்கு ராத்திரி பத்து மணியானது.
அதுவும் போனில்.

புயல் வடக்கே திரும்பி
ஆந்திராவுக்குப் போய்விட்டது.
காலையில் தூறல்கூட இல்லை.
பள்ளிக்கூடம் லீவு, எல்லா வீட்டிலும் ஆள்,
எல்லா அடுப்பிலும் தோசைக்கல்.
ஆறரைக்கு என் மாவு தீர்ந்தது.
இரண்டு தெரு தள்ளி
ஞானசேகர் ஐம்பது படி போட்டிருந்தார்.
என்னிடம் வரவேண்டியவர்கள்
அவர் வாசலில் வரிசையில் நிற்க,
போர்டில்லாத கடைக்குள்
இடியாப்ப மாவோடு நான்.
"புயலு டீ குடிச்சிட்டுப் போயிடுச்சா?"
என்றார் எதிர்க்கடை மெக்கானிக்.

தை பிறந்து நாலாம் நாள்.
வானத்தில் பொட்டு மேகமில்லை.
வயலில் அறுப்பு மெஷின் ஓடுகிற சத்தம்.
சாயந்திரம் ஆறு மணிக்கு
முக்குட்டு டிரான்ஸ்ஃபார்மர்
ஒரு பட்டாசுச் சத்தத்தோடு
நின்றது.
நாற்பது படி ஊறிக்கிடக்கிறது.
போனில் சார்ஜ் இல்லை.
தேதி பார்த்து வருகிற இடி
ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

சுவரில் பென்சில் மங்கவில்லை.
மெக்கானிக்கின் போனை வாங்கி
ரவூப்பைப் பிடித்தேன்.
கல்யாண மண்டபத்திலிருந்து கழற்றி
ஒன்பதரைக்குக் கொண்டுவந்தார்.
கேனில் டீசல் அப்படியே இருந்தது.
பத்தரை மணிக்கு
டிரைசைக்கிளில் நான்கு டிரம்.
ஞானசேகர், லுங்கியை மடித்துக் கட்டியபடி,
"கொஞ்சம் அரைச்சுக் குடுக்க முடியுமா?"

அரைத்துக் கொடுத்தேன்.
படிக்கு ஐந்து ரூபாய் கூட வாங்கினேன்.
டீசல் விலை என்றேன்.
டீசல் விலைதான், பெரும்பாலும்.

போர்டை மறுபடி மாட்டியாகிவிட்டது.
இடியாப்ப மாவு மாசி வரைக்கும் விற்றது.
சிமெண்ட் கல்லை மட்டும் எடுக்கவில்லை.
குனியாமல் மாவு வழிக்கலாம்,
இடுப்பு வலிக்கவில்லை என்று
செண்பகவல்லி விடவில்லை.