ஏறும்போது மட்டும்

கோரிமேடு தாண்டும்போது மணி நாலரை.
பின்னால் நாற்பது சிலிண்டர், எல்லாம் நிறைந்தது.
மாதையன் கதவில் தலை சாய்த்து
அடிவாரம் வருமுன்பே தூங்கிவிட்டான்.
செக்போஸ்ட் விளக்கில் போனைத் துடைத்து
எட்வின் கலைமணியைப் போடுகிறேன்.

‘ஆறிய பிறகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்.
ஒன்பது பாட்டு. அவரே எழுதி அவரே பாடியது.
அட்டையில் முகம் இல்லை,
ஏடு படிந்த ஒரு டம்ளர் டீ.

இதே ஆளைத்தான் குகையில், ஆடி மாதத்தில்,
பதினாறு பாக்ஸ் அடுக்கி வைத்துக் கேட்டிருக்கிறேன்.
அடுத்தவர் பாட்டுக்கு அவர் கழுத்து நரம்பு புடைக்க,
கையில் தட்டுவடை செட்டோடு நாங்கள் குதிக்க,
நெஞ்சுக்குள் யாரோ கதவை உடைப்பது போல இருக்கும்.
பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
பிடித்துத்தான் முழங்காலில் இன்னும் தழும்பு.

இதில் அவர் கத்தவே இல்லை.
பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது போலப் பாடுகிறார்.
ஒரு கிட்டார். சில இடத்தில் அதுவும் இல்லை.
நாலாவது பாட்டில் நாற்காலி முனகுகிறது,
திருத்தாமல் விட்டிருக்கிறார்.
முதல் நாள் என் வண்டிதான் என்று நினைத்து
இறங்கி டார்ச் அடித்து நட்டு போல்ட்டெல்லாம் பார்த்தேன்.

மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு பாட்டு.
கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர்
பஸ் வந்ததும் ஏறாமல் திரும்பி நடக்கிறார்.
எதற்கு என்று கடைசிவரை சொல்வதில்லை.
முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.
இப்போதெல்லாம் ஆறாவது வளைவில்
செகண்ட் கியர் விழும்போது
எனக்கே காரணம் தெரியும் போல இருக்கிறது.

ஏழாவதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
‘நான் சொன்னது சரிதான் தம்பி,
சொன்ன நேரத்தில் நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய்.’
இதைப் பாடுமுன் ஒரு மூச்சு இழுக்கிறார்,
கிணற்றில் குதிக்கப்போகிறவன் இழுக்கும் மூச்சு.
இவ்வளவு சின்ன வரிக்கு
அவ்வளவு மூச்சா என்று கேட்டால்,
ஆமாம்.

போன செவ்வாய்க்கிழமை
அறுபதடிப் பாலத்துக்கு மேலே
நடுரோட்டில் ஒரு காட்டெருமை.
முழங்கால்வரை வெள்ளை, மூக்கில் ஆவி.
எஞ்சினை அணைத்தேன். ஹாரன் அடிக்கவில்லை.
ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது.
பாட்டில் மயங்கி நின்றதென்று கதை கட்ட மாட்டேன்,
அதற்கு அதன் புல், அதன் ஈ, அதன் பாரம்.
மூச்சு வந்த இடத்தில் ஒரு காது அசைந்தது.
ஈயாகத்தான் இருக்கும்.
எட்டாவது பாதியில் சரிவில் இறங்கிப் போய்விட்டது.
மாதையன் கண் திறந்து ‘என்னண்ணே?’ என்றான்.
‘ஒண்ணுமில்ல, மாடு.’

நாகலூர்ப் பக்கம் காப்பி பூத்திருக்கிறது.
ஒன்பதாவதின் கடைசியில்
அவர் கிட்டாரைக் கீழே வைப்பதுகூடக் கேட்கும்.
சில்வர் ஓக் இடுக்கில் அப்போதுதான் வெளுக்கும்.

இறங்கும்போது கேட்க முடியாது.
நாற்பதும் காலி. ஒவ்வொரு வளைவிலும்
ஒன்றையொன்று இடித்து ஊரைக் கூட்டும்.
நிறைகுடம் என்று நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்,
எனக்கும் தெரியும் அந்தப் பழமொழி.
காலி சிலிண்டர்மேல் எனக்குக் கோபமில்லை,
அதுவும் ஆடி மாதம் மாதிரித்தான்.

அந்தச் சத்தத்துக்குள் இன்றைக்கு நானே பாடிப் பார்த்தேன்.
வரி வந்தது, மெட்டும் முக்கால்வாசி வந்தது.
அந்த மூச்சு வரவில்லை.
மூன்று வளைவு முயன்றேன்,
மாதையன் ‘விக்கலாண்ணே?’ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும்
வண்டியை ஓரம் கட்டினேன்.
பழைய கச்சேரி நோட்டீஸில் இருந்த நம்பர்,
இன்னும் அவருடையதுதானா தெரியாது.
நிறைய எழுதி நிறைய அழித்து
‘அண்ணா, ஏழாவது பாட்டு’
என்று மட்டும் அனுப்பினேன்.

ஒற்றை டிக் விழுந்தது.
மாதையன் டீ வாங்கி வந்தான்.
ஆறும்வரை பொறுக்கவில்லை,
நாக்கு சுட்டுவிட்டது.