ஒரு மயிரிழை

சான் இமியே ஊரின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
ஜோசியான் ஜுயெராவின் மடக்கு மேசை.
பச்சைத் துணி, ஃபிளாஸ்கில் காப்பி,
பிஸ்கட் டப்பாவுக்குள் பதினோரு கைக்கடிகாரங்கள்.
பத்தை நின்று நிதானமாகப் பார்த்தேன்.
பதினோராவதைப் பார்க்காததுபோல் பார்த்தேன்.
சேகரிக்கிறவன் பசியைக் கண்ணில் காட்டக் கூடாது.

முகப்பில் கம்பெனிப் பெயர் கிடையாது.
ஒரு காலத்தில் கறுப்பு;
இப்போது ஆறிப்போன கட்டன் டீ.
நடுவில் நத்தை ஓடுபோல் சுருளும் வேக அளவு,
ஓரத்தில் சிவப்பாகக் கிலோமீட்டர்கள்.
வெளிச்சம் கண்டதும் ஓர் அழுத்து,
சத்தம் கேட்டதும் ஓர் அழுத்து,
முள் நின்ற இடம் தூரம்.
பீரங்கிக்காரர்களுக்கென்று செய்தது.

"என் வீட்டுக்காரர் இதை வைத்துத்தான்
முட்டை அவிப்பார்" என்றார் ஜோசியான்.
"நாலு நிமிடம். மஞ்சள் கரு இளக்கமாக இருக்கவேண்டும் அவருக்கு."

லூப்பைக் கண்ணில் இடுக்கி முதுகைத் திறந்தேன்.
மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய வருடங்கள்:
47, 58, 71.
யாரோ மூவர் பிரித்துக் கழுவிப் பூட்டியிருக்கிறார்கள்.
தூண் சக்கரத்தில் நீலம் அப்படியே இருந்தது.
எழுநூறு ஃபிராங்க் என்றார்.
மூவாயிரத்துக்கு வாய் பேசாமல் எடுத்துப் போவார்கள்.

ஓடவிட்டேன், நிறுத்தினேன்.
திருப்பிவிடும் பொத்தானை மட்டும்
கட்டைவிரலின் பாதிப் பலத்தில் தொட்டேன்.
முள் பறந்து வந்து
பன்னிரண்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.
"பாருங்கள் மதாம், நேரே வரவில்லை."

குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
"அவர் இருந்தவரை வந்ததே" என்றார்,
ஏதோ தான் உடைத்துவிட்டதுபோல்.
ஐநூறு.
காகிதத்தில் சுற்றித் தந்தார்.
கூடவே ஒரு பிஸ்கட்.
தின்றேன்.

மோன் குரோசான் மேட்டில் ஏறும்போது மழை பிடித்தது.
காற்றாலைகளின் இறக்கைகள் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தன.
காரை ஓரம் கட்டி விளக்கை அணைத்தேன்.
வீட்டில் முப்பத்தெட்டு குரோனோகிராஃப் இருக்கிறது.
ஒன்றைக்கூட அதன் வேலைக்கு அனுப்பியதில்லை நான்.

மின்னல். அழுத்தினேன்.
வைப்பர் சத்தத்தை நிறுத்திக் காதைத் தீட்டினேன்.
இடி. ஒன்பது கிலோமீட்டர்.
திருப்பினேன்: முள் பன்னிரண்டில், ஆணி அடித்தாற்போல்.
ஆறு கிலோமீட்டர்.
பன்னிரண்டில்.
மூன்றரை.
மறுபடி பன்னிரண்டில்தான்.
லூப்பை எடுத்துக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்,
ஒரு தவறாவது கண்டுபிடிக்க.
இல்லை.

அடுத்தது தலைக்கு மேலேயே விழுந்தது.
வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக,
அழுத்த நேரமே தராமல்.
கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள்
மணியாட்டாமல் நின்றன.

ஓர் உறை வாங்கினேன்.
இருநூறு வைத்தேன், எடுத்தேன்.
குறைத்தது இருநூறு.
சொல்லாமல் விட்டது இரண்டாயிரத்து முந்நூறு.
எந்தத் தொகையை எந்தப் பெயரில் அனுப்புவது,
"பொத்தான் சரியாகிவிட்டது" என்று எழுதுவதா,
ஜுயெரா என்று அந்தப் பள்ளத்தாக்கில்
எத்தனை தபால் பெட்டிகள்,
இப்படியே இரண்டு வாரம்.

உறை மேசைமேல்தான் இருக்கிறது.
காலையில் முட்டை போடுகிறேன்.
நாலு நிமிடம்,
கட்டைவிரலை முழுக்க அழுத்தி.
அவர் சொன்னது சரி,
மஞ்சள் கரு இளக்கமாக வருகிறது.
ரொட்டியில் தொட்டு,
நின்றுகொண்டே தின்கிறேன்.