இடையூறு குறித்த அறிக்கை

புகார்தாரர்: மாங்காய் மண்டி அனுமந்தன்.
"யாரோ என் போனை ஒட்டுக் கேக்கறாங்க சார்.
ராத்திரி நான் பேசின விலை
காலையில கெம்பம்மா வாயில இருக்குது."

எங்கள் வண்டி சந்தூருக்குள் நுழைந்தபோது
ஆனி மாதத்து மாலை, மணி ஏழு.
தெருவெங்கும் காம்புப் பால் வாசனை,
லாரிச் சக்கரத்தில் நசுங்கிய பெங்களூரா.
கூரைமேல் வளைய ஆன்டெனாவைத் திருப்பினேன்.
தெற்கே என்றது முள்.
கொஞ்சம் மேற்கே என்றது.
பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி
இரண்டு முறை அலைந்து
கடைசியில் நின்ற வாசல்
புகார்தாரருடையது.

கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில்
பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது,
துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கார்ட்லெஸ்.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அனுமதி எண் இல்லை, முத்திரை இல்லை.
ஒட்டியிருந்த தாளில் ஏதோ எழுத்து,
எனக்கும் தெரியாதது, அவருக்கும்.
அதில் பேசியதெல்லாம்
மீடியம் வேவின் கடைசிக் கோட்டுக்கு
ஒரு நூல் தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு நூலை அறியாத ரேடியோ
ஊரில் இல்லை.
பம்புசெட் அறையில், டீக்கடைப் பலகையில்,
ஏழே காலுக்குச் செய்தி,
ஏழரைக்கு அனுமந்தன்.
"மாங்கூழ் ஃபாக்டரி அஞ்சு தர்றான்,
நம்ம ஆளுங்களுக்கு மூணே கால் போதும்."
சோற்றில் கை வைத்தபடி ஊர் கேட்டது.
மறுநாள் தராசுக்கு முன்னால்
நாலே முக்காலுக்குக் குறைய மாட்டேன் என்று
கூடையை இறக்காமல் நின்றாள் கெம்பம்மா.

வேறொன்றும் கேட்டிருக்கிறது.
திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகள்
"வந்து கூட்டிக்கிட்டுப் போப்பா" என்று அழுதது.
அதை மட்டும் யாரும்
யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை.
அன்றிரவு முள்ளை நகர்த்திவிட்டேன் என்றாள்
கெம்பம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

சட்டம் எனக்குத் தெரியும்.
உரிமமில்லாமல் அலை பரப்பும் கருவி.
அரக்கு இருந்தது, தீப்பெட்டி இருந்தது,
சாட்சிக் கையெழுத்துப் போட மாதப்பன் இருந்தான்.
'இடையூறு செய்தவர்' கட்டத்தில் ஒரு பெயர்,
'இடையூறு அடைந்தவர்' கட்டத்தில்
அதே பெயர்.
தலைமையகத்தில் கேள்வி கேட்பார்கள்,
கேட்கட்டும்.

வெளியே வந்தால் டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டதாம்.
அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது பால்.

வண்டி ஜன்னலுக்கு நேராக
ரேடியோவைத் தூக்கிப் பிடித்தாள் கெம்பம்மா.
முள் பழைய இடத்திலேயே இருந்தது.
வறச் சட்டியில் மணல் போல ஓர் இரைச்சல்.
"இன்னும் பன்னெண்டு நாள் அறுப்பு இருக்குது.
இதையும் எடுத்துக்கிட்டுப் போறீங்களா சார்?"

மறுநாள் சந்தூரில் மாங்காய் என்ன விலை போனதென்று
எனக்குத் தெரியாது.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.