மிச்சம் இரண்டு

பொத்தானை அழுத்தும்போதெல்லாம்
ஜப்பானியப் பெண்குரலில் ஏதோ சொல்லும் வண்டி.
வணக்கம் என்கிறாள் என்று நினைத்து
மூன்று நாளாய் நானும் தலையாட்டி வந்தேன்.
ஒசாகாவில் படித்த பயணி ஒருத்தி
நேற்றிரவு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்:
'கார்டு செருகப்படவில்லை' என்கிறாளாம்.

அவளை இறக்கிவிட்ட திருப்பத்தில்தான்
சிவப்பு முக்கோணம் எரிந்தது.

உலான்பாத்தரில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
என்ஜின் மூடிமேல் ஆட்டுரோமக் கம்பளி போர்த்தி
நானும் போர்த்தி
கரிப்புகை நடுவே நிற்கிறோம் வண்டியும் நானும்.

கருவி தீப்பெட்டி அளவு. நீலம்.
முப்பத்தைந்தாயிரம் துக்ரிக்:
நாலு சவாரி, அல்லது
மகளின் பனிக்காலணியில் ஒரு கால்.
"ஸ்டியரிங்குக்குக் கீழே தடவுங்க அக்கா,
அதுவே கையில் தட்டும்" என்றான் விற்ற பையன்.

தடவினேன்.
தலை பெடலருகே, கால் கதவுக்கு வெளியே பனியில்.
பதினாறு துளை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்.
தலைகீழாய்ச் செருகினேன் முதலில்.
பிறகு கையுறையைப் பல்லால் கழற்றி
விரலால் பார்த்து அழுத்தினேன்.
க்ளிக்.
பச்சையாய்க் கண்சிமிட்டியது.

போனில் பதினான்கு பட்டைகள் எழுந்து நின்றன,
பள்ளிக்கூடத்துக் காலை வரிசை மாதிரி.
பதினாறு வோல்ட், பதினாறு, பதினாறு...
ஏழாவது பிள்ளை மட்டும்
உட்கார்ந்துவிட்டது.

அதுவரைக்கும் சரி.
பழைய வண்டி, பழைய பாட்டரி,
குளிர்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

விரல் விறைத்துத் திரை கீழே நழுவியதில்
நான் கேட்காத ஒரு வரி வந்தது:
பிழைகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்,
65 கி.மீ.

நான் கணக்கு எழுதுகிறவள்.
வாங்கிய அன்று மீட்டர் 2,14,308.
இப்போது 2,14,371.
அறுபத்துமூன்று என்னுடையது.
மிச்சம் இரண்டு?

அந்த இரண்டை நடந்தே அறிவேன்.
எங்கள் வேலியிலிருந்து
கார் கழுவும் கொட்டகை வரை.

"கழுவியே கொண்டுவந்திருக்கேன் அண்ணி."

துவ்ஷின். கணவனின் தம்பி.
உப்புத் தேநீரை நின்றபடியே குடித்தான்.
பணத்தை எண்ணாமல் பைக்குள் திணித்தான்.
எண்ணாததை அன்பென்று எடுத்துக்கொண்டேன்.
எங்கள் மொழியில் அவன் பெயருக்கு
மட்டம் என்று பொருள்.
ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்குமே, அந்த மட்டம்.
வேறெதுவும் நான் சொல்லவில்லை.

அவன் தலைகீழாய்ச் செருகியிருக்க மாட்டான்.
பழகிய கை.

அழிக்கவா? என்று கேட்கிறது போன்.
ஆம். இல்லை.
ஆம் என்றால் முக்கோணம் அணையும்.
நாளைக்கே தா ஹுரே சந்தையில் நிறுத்தலாம்,
என்னைப்போல் கணக்கு எழுதத் தெரியாத
யாராவது ஒருவர் வராமலா போவார்.
எனக்கும் வழியில் ஒரு கொட்டகை கிடைக்கும்.

பத்து விநாடி யோசித்தேன்.
பொய் எதற்கு, முப்பது.
கட்டைவிரல் நீலம் பாரித்தது.

இல்லை.

பிறகு அவனுக்கு ஒரே ஒரு செய்தி:
'ஞாயிறு பூஸ் அவிக்கிறேன், சாப்பிட வா.
வண்டியில் நானே வந்து கூட்டிப்போகிறேன்.
முன்சீட்டில் உட்கார்.'

போனை அவன் பக்கம் திருப்பி வைப்பேன்.
ஒரு வார்த்தை பேச மாட்டேன்.
வெள்ளை மாதம் பிறக்குமுன் கடன் தீர்ப்பது
எங்கள் ஊர் வழக்கம்.
இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினேன்.
முக்கோணம் எரிந்தது.
கார்டு செருகப்படவில்லை என்றாள்
ஜப்பானில் எங்கோ இருக்கிற அந்தப் பெண்.
செருகியாயிற்று தாயே என்றேன்,
அவளுக்கு அது புரியவில்லை.